ஐபிவி6 எப்போது பரவும்?

ஐபிவி6 எப்போது பரவலாகும் என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். அந்தக் கேள்வியை அவர் செல்போனிலிருந்து அனுப்பியிருந்தால், அநேகமாக ஐபிவி6 வழியாகத்தான் அனுப்பியிருப்பார். இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4இல் 32 பிட்டில் அடங்கும் முகவரிகள் சுமார் 430 கோடிதான்; அதற்கு அடுத்த முறைதான் ஐபிவி6. உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியிலேயே பங்கிட்டு முடித்துவிட்டார்கள். 2016இல் ஜியோ கோடிக்கணக்கில் இணைப்பு கொடுக்க இறங்கியபோது ஐபிவி6இன் புதிய முகவரிகளைத்தான் நம்பவேண்டியிருந்தது. இன்று கூகுளின் கணக்கில், இந்தியாவிலிருந்து வருகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐபிவி6காரர்கள். ஆக, தாமதம் நம் கையிலிருக்கும் கருவியில் இல்லை, பெரும்பாலும் மறுமுனையிலுள்ள தளங்களில் இருக்கிறது.

இவ்வளவு பெரிய மாற்றம் யார் கண்ணிலும் படாததற்கு ‘ஹேப்பி ஐபால்ஸ்’ என்ற அருமையான ஏற்பாடு ஒரு காரணம். ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்ததும் பிரவுசர் இரண்டு வகை முகவரிகளையும் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் கேட்டு வாங்குகிறது. முதலில் ஐபிவி6இல் இணைப்பு கோரும். கால் நொடி போல் பார்த்துவிட்டுப் பதில் இல்லையென்றால், அதையும் விடாமல் ஐபிவி4இலும் கோரும். எது முந்துகிறதோ அதில் பக்கம் திறக்கும். இது இல்லாதிருந்தால் பழுதான ஐபிவி6 உள்ள இடங்களில் பக்கங்கள் நொடிக்கணக்கில் தொங்கியிருக்கும்; பெரிய தளங்கள் ஐபிவி6ஐத் திறந்துவிடத் தயங்கியிருக்கும். ஆனால் பழுதை மறைப்பதும் இதுவேதான். ஒரு சர்வரின் ஐபிவி6 மாதக்கணக்கில் செத்துக் கிடந்தாலும் புகார் வராது. புகார் வராததைச் சரிசெய்ய ஆளும் வராது. இந்த அசட்டை எனக்கு வருத்தம் தருகிறது.

‘நாட்’ இருக்கும்போது என்ன அவசரம் என்பார்கள். ஒரு முகவரியில் பல வீடுகளை ஒண்டுக் குடித்தனம் வைப்பதுதான் நாட். அங்கே ஒருவர் செய்த குறும்புக்காகத் தளம் அந்த முகவரியைத் தடுத்தால் அத்தனை பேரும் வெளியே நிற்கவேண்டியதுதான். நாட் பாதுகாப்பு தருகிறதே என்பதும் சரியல்ல. கேட்காமல் உள்ளே வருவதைத் தடுக்கும் வேலையை ஃபயர்வால் ஐபிவி6இலும் செய்யும்.

இந்த அசட்டையை அசைக்கப்போவது விலைதான். அமேசானின் கிளவுடு சேவை 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட், அதாவது ஆண்டுக்குச் சுமார் 44 டாலர், வசூலிக்கிறது. நூற்றுக்கணக்கில் முகவரி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது உறைக்கும். தேதி சொல்ல என்னால் முடியாது, அளவுகோல் சொல்லலாம். ஐபிவி4 முகவரியே வாங்காமல் ஒரு சிறு கடை தன் தளத்தைத் திறந்து, ஒரு வாடிக்கையாளரையும் இழக்காத நிலை வரும்போது ஐபிவி6 பரவிவிட்டது என்பேன். செல்போன்காரர்களை மட்டும் நம்பி அப்படித் திறக்க இன்னும் முடியாது. பல அலுவலகங்களும் கல்லூரிகளும் ஐபிவி4 மட்டுமே உள்ள நெட்வொர்க்கில்தான் இருக்கின்றன.