பிள்ளைகள் வினவும்போது: அமெரிக்க இல்லங்களில் கதை வழி வரலாறு

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வந்து கில்காலில் நாட்டினர் என்று யோசுவாவின் நூல் நான்காம் அதிகாரம் கூறுகிறது. கற்கள் தாமாகப் பேசுவதில்லை. பிற்காலத்தில் பிள்ளைகள் அவற்றைக் கண்டு, இவை என்னவென்று வினவுவர். அப்பொழுது தந்தையர் விடை கூறவேண்டும். திருமறையில் வரலாற்றுப் போதனை இவ்வாறு பிள்ளையின் வினாவிலிருந்தே தொடங்குகிறது. அமெரிக்க நாட்டில் பெற்றோரும் ஆசிரியரும் கையாண்டுவரும் ஒரு முறை இதனை நினைவூட்டுவதாக உள்ளது.

முறை எளியதே. பாடநூலின் ஆண்டுகளை மனனம் செய்யுமுன் பிள்ளை தன் பாட்டனிடமோ பாட்டியிடமோ சென்று அமர்கிறது. நம் முன்னோர் எங்கிருந்து வந்தனர்? ஏன் வந்தனர்? எந்த மொழியைப் பேசினர்? அது எப்பொழுது வீட்டைவிட்டு மறைந்தது? கேட்டதைத் தன் சொற்களில் வகுப்பில் எடுத்துரைக்கிறது. பெரும்பாலும் ஒரு பொருள் கதைக்குத் துணை நிற்கும்: ஒட்டுத்துணிப் போர்வை, கப்பலில் வந்த மரப்பெட்டி, அல்லது இரு ஏற்பாடுகளுக்கும் இடையிலுள்ள தாள்களில் பிறப்பும் திருமணமும் இறப்பும் எழுதப்பட்ட குடும்ப வேதாகமம். பின்னர் ஆசிரியர் அக்கதையை நாட்டு வரலாற்றோடு இணைத்துக் காட்டுகிறார். 1930களின் பொருளாதார வீழ்ச்சி, பாட்டி பழைய மாவுப்பையில் தைத்த சட்டையாகப் பிள்ளையின் கைக்கு வருகிறது.

இதன் பயனை ஆராய்ந்தவர்களுள் அட்லான்டாவிலுள்ள எமரிப் பல்கலைக்கழக உளவியலார் மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் ஆகிய இருவர் குறிப்பிடத்தக்கவர். 2001ஆம் ஆண்டளவில் இருபது வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலை அவர்கள் வகுத்தனர். பெற்றோர் எங்குச் சந்தித்தனர், தனக்கு இப்பெயர் ஏன் இடப்பட்டது என்பன போன்றவை அவ்வினாக்கள். விடைகளை மிகுதியாக அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் உறுதியும் மிகுந்திருந்தன. ஆயினும் விடைகளை மனனம் செய்வித்தால் அப்பயன் கிட்டாது என்பதையும் அவர்களே தெளிவுபடுத்தினர். உணவு மேசையில் மீண்டும் மீண்டும் பேசப்படும் பேச்சே பிள்ளையை உருவாக்குகிறது. வினாவிடைப் போதனையில் பெரிதும் நம்பிக்கை வைக்கும் நாம் இதனைச் சிந்திப்பது நலம்.

ஆனால் குடும்பக் கதை அனைத்தும் உண்மைக் கதையாகுமா? லாரா இங்கல்ஸ் வைல்டர் தம் இளமைக்கால நினைவுகளைக் கொண்டு எழுதி 1935இல் வெளியான ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி’ அமெரிக்கப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக விரும்பிப் படித்த நூல். தந்தையின் உழைப்பும், இரவில் அவர் வாசிக்கும் பிடிலும், குடும்பத்தின் ஒற்றுமையும் உள்ளத்தைக் கவர்வன. எனினும் கான்சாஸில் அக்குடும்பம் வீடு கட்டிய நிலம் ஓசேஜ் மக்களுக்குரியது. அப்பகுதியில் மனிதரே இல்லை, பூர்வகுடிகள் மட்டுமே இருந்தனர் என்னும் பொருள்பட அமைந்திருந்த ஒரு வாக்கியத்தை வாசகர் ஒருவர் சுட்டிக்காட்ட, ஆசிரியையும் அதனைத் தவறென ஒப்புக்கொண்டார்; 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் அது திருத்தப்பட்டது. அன்புள்ள ஓர் இல்லத்தின் கதையிலும் அயலான் மனிதனாகக் காணப்படாது போகலாம்.

பூர்வகுடிப் பிள்ளைகளின் நிலை வேறு. பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் 1879 முதல் 1918 வரை நடந்த விடுதிப் பள்ளியிலும், அதனைப் பின்பற்றிய பிற பள்ளிகளிலும் அவர்களது தலைமுடி வெட்டப்பட்டது, தாய்மொழி தடுக்கப்பட்டது. இவற்றுள் பலவற்றைத் திருச்சபைகளே நடத்தின என்பதை நாம் மறைத்தலாகாது. பாட்டியின் வாயிலிருந்தே மொழி பறிக்கப்பட்டபின், பேரப்பிள்ளைக்கு அவர் எம்மொழியில் கதை கூறுவார்?

ஆப்பிரிக்க அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் இடர்ப்பாடு உண்டு. 1850, 1860ஆம் ஆண்டுகளின் குடிமதிப்பில் அடிமைகள் உடைமையாளரின் பெயரின்கீழ், வயதும் பாலும் நிறமும் மட்டும் குறிக்கப்பட்டு, பெரும்பாலும் பெயரின்றியே பதியப்பட்டனர். விடுதலை பெற்றோர் பெயரோடு எழுதப்பட்ட முதல் குடிமதிப்பு 1870ஆம் ஆண்டினதே. ஆகவே வம்ச மரம் வரைந்து கட்டங்களை நிரப்புமாறு கூறும் ஆசிரியர், தம்மை அறியாமலே ஒரு பிள்ளையை வெறுங்கட்டங்களின்முன் நிறுத்திவிடுகிறார். தத்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கும் அவ்வாறே. உன் வீட்டில் கதை சொல்பவர் யார் என்று கேட்பது இதனினும் சிறந்த தொடக்கம். 1936 முதல் 1938 வரை அரசின் எழுத்தாளர் திட்டத்தினர் முன்னாள் அடிமைகள் இரண்டாயிரத்து முந்நூறு பேருக்கு மேற்பட்டோரின் வாய்மொழிகளைப் பதிவு செய்தனர். கேட்டவர் பெரும்பாலும் வெள்ளையர். முதியோர் பலர் அளந்தே பேசினர். அந்த மௌனத்தையும் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியுள்ளது.

எழுபத்தெட்டாம் சங்கீதம் இங்கு நமக்கு வழிகாட்டுகிறது. வருங்காலப் பிள்ளைகளுக்கு மறைக்கமாட்டோம் என்னும் உறுதியோடு தொடங்கும் அது, கடவுளின் செயல்களோடு முன்னோரின் முரட்டாட்டத்தையும் விரிவாகக் கூறிச் செல்கிறது. இத்தகைய மரபுக் கதையைப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அஞ்சுவோர் உண்டு. பெரும்பாலும் தாங்கமாட்டாதவர் பெரியோரே என்பது என் கருத்து.

முன்னர்க் கூறிய குடும்ப வேதாகமத்தை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். தெற்கு மாநிலங்களில் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த சில குடும்பங்கள், தம் பிள்ளைகளின் பிறப்பை எழுதிய அதே நூலில் அடிமைப் பிள்ளைகளின் பிறப்பையும் குறித்து வைத்தன. ஒரு சாராருக்கு ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும் இருக்கும். மறு சாராருக்கு முதற்பெயர் மட்டும். இரு சாராரின் வழித்தோன்றல்களும் இன்று அத்தாள்களைத் தேடுகின்றனர். அவற்றை மேசைமேல் விரித்து, இந்தப் பெயர்கள் யாருடையவை என்று பிள்ளை வினவும்போது, இரு பத்திகளையும் சேர்த்தே வாசித்துக் காட்டவேண்டும்.