முகம் மாறினால் மனம் மாறிவிட்டதா?

காலையில் சிரித்த முகத்தோடு கடைக்குப் போன கணவர், மாலையில் 'உம்'மென்று வந்து உட்காருகிறார். கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில். உடனே உங்கள் உள்ளத்தில் கேள்விகள் எழுகின்றன. "நான் என்ன பிழை செய்தேன்? என்மீது அன்பு குறைந்துவிட்டதோ?"

சகோதரியே, சற்றுப் பொறுங்கள்! ஒரு நாளின் மனநிலை வேறு. இல்லறத்தின் நிலை வேறு.

அமெரிக்க உளவியலாளர் ரெனா ரெப்பெட்டி, விமானப் போக்குவரத்தை நெறிப்படுத்தும் ஊழியர்களையும் அவர்களது மனைவியரையும் ஆராய்ந்து 1989இல் முடிவுகளை வெளியிட்டார். வேலைப்பளு கூடிய நாட்களில் அக்கணவன்மார் வீட்டில் பேச்சைக் குறைத்து ஒதுங்கியிருந்தனர். காரணம் வீட்டில் இல்லை, வேலைத்தளத்தில் இருந்தது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வுக்காக 166 தம்பதியர் 42 நாட்கள் நாட்குறிப்பு எழுதினர். வேலைத்தளத்தின் நெருக்கடி வீட்டுக்குள்ளும் தொடர்வது கணவர், மனைவி இருவரிடமும் காணப்பட்டது.

ஆம், உங்களுக்கும் அப்படித்தான். பிள்ளையின் காய்ச்சல், தூக்கமில்லாத இரவு, அயலவரின் ஒரு சொல், எல்லாம் சேர்ந்து கணவர் மீது எரிச்சலாக வெளிப்படுவதில்லையா?

அன்னை ஆயிஷா (ரழி) அவர்களின் மனநிலையும் மாறியதுண்டு. மகிழ்ச்சியாக இருக்கையில் 'முஹம்மதின் இரட்சகன்' என்றும், கோபமாக இருக்கையில் 'இப்றாஹீமின் இரட்சகன்' என்றும் அவர் சத்தியம் செய்வார். அதைக் கொண்டே அவரது மனநிலையை நபி (ஸல்) அவர்கள் அறிந்துகொண்டார்கள். அவர்கள் அதைக் குற்றமாக எடுக்கவில்லை. தான் விடுவது பெயரை மட்டுமே என்று அன்னையவர்களும் விளக்கினார்கள். இதனைப் புகாரியில் காணலாம். கோபத்திலும் அன்பு அப்படியே இருந்தது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. அவர் வந்து ஒரு பிளேன்ரீ குடித்து முடியும்வரை லைட் பில்லையும் உறவினர் பிரச்சினையையும் ஒத்திவையுங்கள். உங்களுக்கு முடியாத நாளில், "இன்றைக்கு எனக்குக் களைப்பு, உங்களோடு கோபமில்லை" என்று வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லாத களைப்பு கோபமாகத்தான் தெரியும்.

ஆனால் ஒன்று. வாரக்கணக்கில் நீளும் மௌனமும், ஏச்சும், அடியும் 'இன்றைய மனநிலை' அல்ல. அவற்றைப் பொறுமையின் பெயரால் மறைக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி உதவி தேடுங்கள்.

முகம் பார்த்து மனமறிவது மனைவிக்கு மட்டுமுள்ள கடமையல்ல. வாசித்து முடித்ததும் இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடமும் கொடுங்கள். அவர் பிளேன்ரீ குடித்த பிறகு!