ஐக்கிய அமெரிக்காவில் உணவியலர் உரிமம்

ஐக்கிய அமெரிக்காவில் உணவியலர் உரிமம் என்பது, உணவியலர்களும் ஊட்டச்சத்து ஆலோசகர்களும் தொழில் செய்வதற்கு அந்நாட்டின் மாநிலங்கள் விதிக்கும் சட்டத் தகுதிகளையும், அத்தகுதிகளை நிறைவு செய்தோருக்கு மாநிலங்கள் வழங்கும் இசைவையும் குறிக்கும். நாடு முழுவதற்கும் செல்லுபடியாகும் ஒரே உரிமம் இத்துறையில் இல்லை. ஒரு மாநிலத்தில் எவரும் செய்யக்கூடிய பணி, அடுத்த மாநிலத்தில் தண்டனைக்குரிய குற்றமாக இருக்கலாம். இவ்வேறுபாடு மாணவர்களுக்கும் நோயாளிகளுக்கும் குழப்பம் தருவதோடு, பேச்சுரிமை தொடர்பான வழக்குகளுக்கும் காரணமாகியுள்ளது.

மாநில அதிகாரம்

அமெரிக்க அரசியலமைப்பின்படி மக்களின் உடல்நலம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பேணும் பொது அதிகாரம் மாநிலங்களுக்கு உரியது. மருத்துவத் தொழிலுக்கு உரிமம் கட்டாயம் என்ற மேற்கு வர்ஜீனியா மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1889 ஆம் ஆண்டில் டென்ட் வழக்கில் ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் ஏற்பட்ட தொழில் உரிமச் சட்டங்கள் பலவற்றுக்கும் இத்தீர்ப்பே அடித்தளம் எனலாம். முடிதிருத்துவோர் முதல் பொறியாளர் வரை பல தொழில்களை மாநில வாரியங்கள் நெறிப்படுத்துவது இதன் தொடர்ச்சியே ஆகும்.

இரு பெயர்கள்

உணவியலர், ஊட்டச்சத்து நிபுணர் ஆகிய இரண்டு சொற்களும் பேச்சு வழக்கில் ஒன்றாகவே கருதப்படுகின்றன. சட்டத்தின் பார்வையில் இவை வேறானவை. உணவியலர் என்ற பெயர், வரையறுக்கப்பட்ட கல்வியும் பயிற்சியும் தேர்வும் முடித்தவரைக் குறிக்கிறது. ஊட்டச்சத்து நிபுணர் என்ற பெயருக்குப் பல மாநிலங்களில் இத்தகைய காப்பு இல்லை. ஊட்டச்சத்து அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவரும், சில வார அஞ்சல்வழிப் படிப்பை முடித்தவரும் அம்மாநிலங்களில் இதே பெயரைப் பயன்படுத்த முடியும்.

சான்றிதழ் என்ற சொல்லும் அவ்வாறே நெகிழ்வானது. நியூ யார்க்கைச் சேர்ந்த மருத்துவரும் சட்ட அறிஞருமான விக்டர் ஹெர்பர்ட், 1980களில் தம் வளர்ப்பு நாய் சசாஃப்ராசின் பெயரில் விண்ணப்பித்துக் கட்டணமும் செலுத்தி, ஊட்டச்சத்து ஆலோசகர்களுக்கான ஒரு சங்கத்தின் உறுப்பினர் சான்றிதழைப் பெற்றார். பல ஆண்டுகளுக்குப் பின், பிரித்தானிய மருத்துவரும் எழுத்தாளருமான பென் கோல்டேக்கர், இறந்துபோன தம் பூனை ஹெட்டியின் பெயரில் 60 டாலர் செலுத்தி இத்தகைய ஓர் அமெரிக்கச் சான்றிதழைப் பெற்றுக்காட்டினார். நாய்க்கும் பூனைக்கும் கிடைத்த இச்சான்றிதழ்கள், உரிமச் சட்டங்களை ஆதரிப்போர் அடிக்கடி எடுத்துக்காட்டும் நிகழ்வுகளாகும்.

தொழிலின் தோற்றம்

அமெரிக்க உணவியல் சங்கம் 1917 ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கப்பட்டது. லெனா கூப்பர், லூலு கிரேவ்சு ஆகியோர் அதன் நிறுவனர்கள். முதல் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு உணவு திட்டமிட வேண்டிய தேவையும் அதற்குத் தூண்டுதலாக இருந்தன. 1969 ஆம் ஆண்டில் இச்சங்கம் பதிவு பெற்ற உணவியலர் என்ற தகுதிப் பெயரை அறிமுகப்படுத்தியது. இது ஆர்.டி. எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. 2012 இல் சங்கம் ஊட்டச்சத்து மற்றும் உணவியல் கழகம் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 2013 முதல் விரும்புவோர் ஆர்.டி.என். என்ற பெயரையும் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே தகுதியே.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆர்.டி. என்பது அரசு தரும் உரிமம் அன்று; தொழிற்கழகத்தின் உணவியல் பதிவு ஆணையம் வழங்கும் தனியார் தகுதி. மாநில அரசு தரும் உரிமம் வேறு. ஆயினும் பெரும்பாலான மாநிலங்கள் இத்தகுதியையே தம் உரிமத்துக்கான முதன்மை வழியாக ஏற்றுக்கொண்டுள்ளதால், நடைமுறையில் இரண்டும் பின்னிப் பிணைந்துள்ளன. ஒரு தனியார் அமைப்பு தன் விதியை மாற்றும்போது அதன் தாக்கம் மாநில உரிமத்திலும் எதிரொலிப்பது இதனால்தான்.

பதிவு பெற்ற உணவியலராவதற்கான வழி

முதலில், ஏற்பளிக்கப்பட்ட கல்வித் திட்டம் ஒன்றில் உயிர்வேதியியல், உடலியங்கியல், உணவு அறிவியல், மருத்துவ ஊட்டச்சத்து முதலிய பாடங்களை மாணவர் பயில வேண்டும். அடுத்து, மருத்துவமனை, சமூக நலத் திட்டம், நிறுவனச் சமையற்கூட மேலாண்மை போன்றவற்றில் குறைந்தது 1000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி உண்டு. இதன் பின்னரே தேசியத் தேர்வு எழுத இயலும். இது கணினிவழித் தேர்வு. முந்தைய விடைகளைப் பொறுத்து அடுத்த வினாவின் கடினம் மாறும். தேர்வருக்கு 125 முதல் 145 வரை வினாக்கள் வரக்கூடும். 50 என்ற அளவுகோலில் 25 பெற்றால் தேர்ச்சி. தகுதி பெற்றவர் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை 75 மணி நேரத் தொடர்கல்வியைக் காட்ட வேண்டும்.

நெடுங்காலமாக இளநிலைப் பட்டமே இதற்குப் போதுமானதாக இருந்தது. 2024 சனவரி 1 முதல் புதிதாகத் தேர்வு எழுத முதுநிலைப் பட்டம் கட்டாயமாக்கப்பட்டது. முன்பே பதிவு பெற்றவர்களை இது பாதிக்கவில்லை. உயர்ந்த கல்வி தொழிலின் தரத்தை உயர்த்தும் என ஆதரவாளர்கள் கூறினர். பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் ஊதியம் கிடைக்காத ஒரு துறையில், கூடுதலாக இரண்டாண்டுக் கல்விக் கட்டணம் ஏழை மாணவர்களை வெளியே தள்ளும் என எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். இரண்டாவது வாதம் எளிதில் புறக்கணிக்கத்தக்கது அன்று. வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்கள் தம் பட்டம் அமெரிக்கப் பட்டத்துக்கு இணையானது என்ற மதிப்பீட்டைப் பெற வேண்டும். மேற்பார்வைப் பயிற்சியும் தேர்வும் அவர்களுக்கும் உண்டு.

ஆர்.டி. அல்லாத மற்றொரு தகுதி, சி.என்.எஸ். எனப்படும் சான்றுபெற்ற ஊட்டச்சத்து வல்லுநர் என்பதாகும். முதுநிலை அல்லது முனைவர் பட்டம், 1000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி, தனித் தேர்வு ஆகியன இதற்கு வேண்டும். இதனைச் சில மாநிலங்கள் உரிமத்துக்கு ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. இவ்விரு தகுதியாளர்களுக்கும் இடையே மாநிலச் சட்டமன்றங்களில் நீண்ட போட்டி நிலவி வந்துள்ளது.

சட்டங்களின் வகைகள்

மாநிலச் சட்டங்களைப் பொதுவாக இரு துருவங்களுக்கு இடையே வைத்துப் பார்க்கலாம். ஒருபுறம் பெயரை மட்டும் காக்கும் சட்டங்கள். மறுபுறம் தொழிலையே உரிமம் உடையோருக்கு ஒதுக்கும் சட்டங்கள்.

கலிபோர்னியா முதல் வகையைச் சேர்ந்தது. அங்கு உணவியலர் என்று தம்மை அழைத்துக்கொள்வதற்குச் சட்டம் கூறும் கல்வியும் பயிற்சியும் தேர்வும் வேண்டும். ஆனால் மாநில உரிமம் என ஒன்று வழங்கப்படுவதில்லை. ஊட்டச்சத்து நிபுணர் என்ற பெயருக்குக் காப்பும் இல்லை. நியூ யார்க் மாநிலத்தில் கல்விச் சட்டத்தின் 157 ஆம் பிரிவின்கீழ் அரசு சான்றளிக்கிறது. சான்று பெற்றவர் சி.டி.என். என்ற எழுத்துகளைப் பெயருடன் இடலாம். சான்று பெறாதவர் அப்பெயரைப் பயன்படுத்த இயலாதே தவிர, உணவு பற்றி ஆலோசனை கூறுவதற்குத் தடையில்லை.

புளோரிடா இரண்டாம் வகைக்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டாக விளங்கியது. 1988 இல் இயற்றப்பட்ட அதன் சட்டம், ஊதியம் பெற்றுக்கொண்டு ஒருவருக்குத் தனிப்பட்ட உணவு ஆலோசனை வழங்குவதையே உரிமத்துக்கு உட்பட்ட தொழிலாக வரையறுத்தது. உரிமமின்றிச் செய்தால் ஓராண்டு வரை சிறையும் 1000 டாலர் வரை அபராதமும் விதிக்க இடமிருந்தது. வட கரொலைனாவும் இவ்வகைச் சட்டத்தையே கொண்டிருந்தது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, உணவியலர் அல்லாத ஊட்டச்சத்து வல்லுநர்களுக்கும் உரிமம் பெறும் வழி திறக்கப்பட்டது.

உரிமம் வழங்கும் அமைப்பும் இடத்துக்கு இடம் மாறும். சில மாநிலங்களில் உணவியலுக்கெனத் தனி வாரியம் உண்டு. ஒகையோவில் 2018 முதல் மாநில மருத்துவ வாரியமே இப்பொறுப்பை ஏற்றது. புளோரிடாவில் மருத்துவ வாரியத்தின்கீழ் உள்ள ஒரு குழு இதனைக் கவனிக்கிறது.

வழக்குகள்

வட கரொலைனாவில் நீரிழிவு நோயாளி ஒருவர், மாவுச்சத்து குறைந்த உணவால் தம் உடல்நலம் தேறியதாகக் கூறி இணையத்தில் எழுதி வந்தார். வாசகர்களின் கேள்விகளுக்கும் பதில் அளித்தார். 2012 இல் மாநில உணவியல் வாரியம், அவருடைய இணையப் பக்கங்களில் எவை சட்டமீறல் எனச் சிவப்பு மையால் குறித்து அனுப்பியது. தம் அனுபவத்தை எழுதலாம், ஆனால் தனியொருவரின் கேள்விக்கு உணவு ஆலோசனை கூறுவது உரிமமற்ற தொழில் என்பது வாரியத்தின் நிலைப்பாடு. அவர் பேச்சுரிமையின் அடிப்படையில் வழக்குத் தொடர்ந்தார். கீழமை நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013 இல் அதனை மாற்றி, வழக்கு விசாரிக்கத்தக்கது என்றது. 2015 இல் வாரியம் புதிய வழிகாட்டு நெறிகளை ஏற்றுக்கொண்டதால் வழக்கு முடிவுற்றது.

புளோரிடா வழக்கு இதனினும் கூர்மையானது. கலிபோர்னியாவில் உடல்நல ஆலோசகராகப் பணியாற்றிய ஒரு பெண், படைத்துறையில் பணிபுரிந்த கணவரின் இடமாற்றத்தால் 2015 இல் புளோரிடாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் அதே பணியைத் தொடர்ந்தார். உரிமம் பெற்ற உணவியலர் ஒருவர் முறையிட, அரசின் புலனாய்வாளர் வாடிக்கையாளர் போல் அவரைத் தொடர்பு கொண்டார். 2017 இல் அவருக்கு அபராதமும் விசாரணைச் செலவுமாக 750 டாலருக்கு மேல் விதிக்கப்பட்டது. கலிபோர்னியாவில் அவர் செய்தது முறையான தொழில். புளோரிடாவில் அதுவே குற்றம்.

2018 இல் உச்ச நீதிமன்றம், தொழில்முறைப் பேச்சு என்பதனாலேயே ஒரு பேச்சுக்குப் பாதுகாப்பு குறைந்துவிடாது என வேறொரு வழக்கில் கூறியிருந்தது. எனவே புளோரிடாச் சட்டம் வீழும் எனப் பலர் எதிர்பார்த்தனர். அவ்வாறு நடக்கவில்லை. பதினோராம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 பெப்ரவரியில் சட்டத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. சட்டம் நெறிப்படுத்துவது தொழில் என்னும் நடத்தையையே. பேச்சின் மீதான தாக்கம் அதன் பக்கவிளைவு மட்டுமே என்பது தீர்ப்பின் சாரம். உணவு ஆலோசனையில் பேச்சைத் தவிர நடத்தை என்ன இருக்கிறது என்ற திறனாய்வாளர்களின் கேள்வி இதன் பின்னும் ஓயவில்லை.

விந்தை என்னவெனில், இத்தீர்ப்புக்கு முன்பே, 2020 இல், புளோரிடாச் சட்டமன்றம் தன் சட்டத்தைத் தளர்த்தியிருந்தது. உணவியலர் என்று தம்மைக் கூறிக்கொள்ளாதவர், நோய்க்காக மருத்துவரின் நேரடிக் கவனிப்பில் உள்ளவரைத் தவிர்த்து, மற்றவர்களுக்கு ஊட்டச்சத்து ஆலோசனை வழங்கலாம் என்பது அத்திருத்தம். செலுத்திய அபராதம் தொடர்பான கோரிக்கை எஞ்சியிருந்ததால் மட்டுமே வழக்கு தொடர்ந்து நடைபெற்றது.

இதனோடு ஒப்பிடத்தக்கது சியார்சியா மாநிலத்தின் நிலை. தாய்ப்பால் ஊட்டல் ஆலோசகர்களுக்கு உரிமம் கட்டாயம் என்ற அம்மாநிலச் சட்டத்தை, மாநில உச்ச நீதிமன்றம் 2023 இல் செல்லாததாக்கியது. அங்கு அடிப்படையாக அமைந்தது பேச்சுரிமை அன்று. விரும்பிய தொழிலைச் செய்வதற்கு மாநில அரசியலமைப்பு தரும் உரிமை.

நோயாளிகளும் காப்பீடும்

உரிமத்தின் நடைமுறைப் பயன் மருத்துவமனையிலும் காப்பீட்டிலும் தெளிவாகத் தெரியும். முதியோருக்கான மெடிக்கேர் என்னும் கூட்டரசுக் காப்பீடு, 2002 சனவரி முதல் நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கான மருத்துவ ஊட்டச்சத்து சிகிச்சைக்குப் பணம் வழங்குகிறது. மருத்துவரின் பரிந்துரை வேண்டும். முதல் ஆண்டில் 3 மணி நேரமும் தொடரும் ஆண்டுகளில் 2 மணி நேரமும் பொதுவான வரம்பு. சிகிச்சை அளிப்பவர் மாநில உரிமமோ சான்றோ பெற்றிருக்க வேண்டும். அவை இல்லாத மாநிலங்களில் பதிவு பெற்ற உணவியலர் என்ற தகுதி ஏற்கப்படும். இவ்வாறு, உரிமம் கட்டாயமில்லாத மாநிலத்திலும் இத்தகுதி இல்லாதவருக்கு மெடிக்கேரின் கதவு மூடியே இருக்கிறது.

2014 இல் கூட்டரசு விதி திருத்தப்பட்டு, மாநிலச் சட்டம் இடம் தந்தால் மருத்துவமனைகள் உணவியலர்களுக்கு நோயாளியின் உணவு ஆணையை நேரடியாக எழுதும் அதிகாரம் வழங்கலாம் என்றாயிற்று. அதற்கு முன் உப்பு குறைந்த உணவுக்கோ குழாய்வழி உணவுக்கோ மருத்துவரின் கையொப்பத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. சிறுநீரகம் செயலிழந்த ஒருவருக்குப் பொட்டாசியம் மிகுந்த உணவு இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும் என்பதால், இத்தகைய ஆணைகளில் காலத்தாழ்வும் அறியாமையும் ஒருசேர ஆபத்தானவை.

மாநில எல்லையைக் கடத்தல்

தொலைபேசி, காணொளி வழியாக ஆலோசனை பெறுவது பெருகிய பின், உணவியலர் இருக்கும் இடமா, நோயாளி இருக்கும் இடமா, எந்த மாநிலத்தின் சட்டம் பொருந்தும் என்ற கேள்வி எழுந்தது. பொதுவாக நோயாளி இருக்கும் மாநிலத்தின் சட்டமே பொருந்தும். ஆகவே பல மாநிலத்தவருக்குப் பணியாற்றும் உணவியலர் பல உரிமங்களைப் பெற்று, அவை ஒவ்வொன்றுக்கும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டியுள்ளது. படைத்துறையினரின் துணைவர்கள் அடிக்கடி இடம்பெயர்வதால் இச்சுமையை மிகுதியாக உணர்கின்றனர்.

இதற்குத் தீர்வாக உணவியலர் உரிம உடன்படிக்கை வரையப்பட்டது. மாநில அரசுகளின் மன்றம் பாதுகாப்புத் துறையின் உதவியுடன் இதனை உருவாக்கியது. செவிலியர்களுக்கு முன்பே உள்ள உடன்படிக்கையை ஒத்த இதில், ஓர் உறுப்பு மாநிலத்தில் உரிமம் பெற்றவர் மற்ற உறுப்பு மாநிலங்களிலும் பணியாற்றும் உரிமையைப் பெறலாம். ஏழு மாநிலங்கள் சட்டமாக்கினால் நடைமுறைக்கு வரும் என வரையறுக்கப்பட்டது. அலபாமா, நெப்ராசுகா, தென்னசி ஆகியன 2024 இல் முதலில் இணைந்தவற்றுள் அடங்கும். பெயரை மட்டும் காக்கும் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் பகிர்ந்துகொள்ள உரிமமே இல்லாததால், இவ்வுடன்படிக்கையில் அவை நேரடியாகச் சேர்வது எளிதன்று.