உங்களுக்குத் தெரியுமா? சுரங்கத்தில் குவிந்த சீஸ்

பால் விலை சரியாமலிருக்க, 1949 வேளாண் சட்டப்படி அமெரிக்க அரசே உபரி வெண்ணெய், பால் பவுடர், சீஸை வாங்கிக்கொண்டது. 1977-க்குப் பின் ஆதரவு விலை உயர, பால் உற்பத்தியும் பெருகியது. 1981-இல் அரசிடம் தேங்கிய சீஸ் 50 கோடி பவுண்டுக்கும் மேல்! மிசூரியில் சுண்ணாம்புக்கல் வெட்டிய சுரங்கங்களே குளிர்கிடங்குகளாயின. பூசணம் பிடிக்கத் தொடங்கியதும், டிசம்பரில் அதிபர் ரீகன் 3 கோடி பவுண்டை ஏழைகளுக்கு இலவசமாக வழங்க உத்தரவிட்டார். ஐந்து பவுண்டு மஞ்சள் கட்டிகளுக்காக மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டில்தான் உணவுச் சீட்டுத் திட்டத்துக்கான நிதி வெட்டப்பட்டது. உபரிப் பால் உற்பத்தியைக் குறைக்க, 1986-இல், மாடுகளை இறைச்சிக்கோ ஏற்றுமதிக்கோ விற்றுவிட்டு ஐந்தாண்டுகள் பால் தொழிலை விட்டு விலகியிருக்கப் பண்ணையாளர்களுக்கு அரசு பணம் கொடுத்தது.