இரைப்பை சிறியதான பிறகும் எடை ஏன் திரும்புகிறது?

2017 பிப்ரவரி 11. எகிப்திலிருந்து கிளம்பிய ஒரு சரக்கு விமானம் மும்பையில் இறங்கியது. உள்ளே சரக்கு இல்லை. ஈமான் அகமது என்ற 36 வயதுப் பெண் படுத்திருந்தார். அவருடைய எடை ஏறத்தாழ 500 கிலோ என்று குடும்பத்தார் சொன்னார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் வீட்டைவிட்டு வெளியே வந்ததில்லை. விமான நிலையத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து, கட்டிலோடு கிரேனில் தூக்கி, சைஃபி மருத்துவமனையில் சேர்த்தார்கள். மார்ச் மாதம் டாக்டர் முஃபஸல் லக்டாவாலா தலைமையிலான குழு அவருடைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தது.

அடுத்த மாதமே சண்டை வந்துவிட்டது. எடை 200 கிலோவுக்கும் கீழே இறங்கிவிட்டது என்று மருத்துவமனை அறிவித்தது. ஈமானின் சகோதரி அதை நம்பவில்லை. அவ்வளவு எடை குறையவே இல்லை, அக்கறை போதாது, அவரால் இன்னும் பேசவோ நடக்கவோ முடியவில்லை என்று குற்றம் சாட்டினார். மருத்துவர்கள் எல்லாவற்றையும் மறுத்தார்கள். சிறுவயதிலேயே ஈமானுக்குப் பக்கவாதம் வந்திருந்தது. அதை இரைப்பை அறுவை சரிசெய்யாது என்பது அவர்கள் பதில். மே மாதம் அவர் அபுதாபிக்கு மாற்றப்பட்டார். செப்டம்பர் 25-ஆம் நாள் அங்கேயே இறந்தார். இருதயமும் சிறுநீரகமும் பழுதடைந்திருந்தன.

யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுதுவது என் வேலை அல்ல. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். மருத்துவர்கள் கிலோவை எண்ணிக்கொண்டிருந்தார்கள். சகோதரியோ, ஈமான் எழுந்து நடக்கப்போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்.

இதே சண்டை, சிறிய அளவில், நம் வீடுகளிலும் நடக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இந்தியர்களிடையே இது மற்ற இனத்தவரைவிட அதிகம் என்று அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை அரசு மருத்துவமனைகள் சிலவற்றிலும் தனியார் மருத்துவமனைகளிலும் நடக்கிறது. ஆகவே, கோத்தா திங்கியோ கூலாயோ, ஏதாவது ஒரு கல்யாணப் பந்தியில் இப்படி ஒரு பேச்சை நீங்களும் கேட்டிருக்கலாம்: “அவ்வளவு காசு கொடுத்து வயித்தை வெட்டிக்கிட்டாரு. பாருங்க, மறுபடியும் ஊதிட்டாரு. வாயைக் கட்டத் தெரியல!”

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு உறுத்துகிறது. அறிவியல் அதை ஒப்புக்கொள்ளாது.

முதலில், அறுவையில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். இன்று அதிகம் நடப்பவை இரண்டு. ஒன்றில், இரைப்பையை நெடுக வெட்டி, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் போன்ற குழாய். சட்டைக் கையைப் போல இருப்பதால் ‘ஸ்லீவ்’ என்று பெயர். மற்றொன்று ‘பைபாஸ்’. இரைப்பையின் மேல்முனையில் முட்டை அளவுக்கு ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கிறார்கள். சாப்பாடு பழைய இரைப்பையையும் முன்சிறுகுடலையும் தொடாமல் போய்விடும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர் 1966-இல் இதைத் தொடங்கினார். புண் காரணமாக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த நோயாளிகள் எடை கூடாமல் இருப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது.

“பை சின்னதானா சாப்பாடு குறையும், அவ்வளவுதானே சார்?” என்று படிவம் நான்கு உயிரியல் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். பல ஆண்டுகள் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் காங்காவாவும் ‘கிரெலின்’ என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். அது இரைப்பையில், குறிப்பாக அதன் மேல் வளைவில், சுரந்து மூளைக்குப் போய்ப் ‘பசிக்கிறது’ என்று சொல்கிறது. ஸ்லீவ் முறையில் வெட்டி எறியப்படுவது அந்த வளைவுதான். அதாவது பை சிறுப்பதோடு, பசியைக் கூவும் வாயும் ஓரளவு அடைபடுகிறது. இன்னொரு பக்கம், சாப்பாடு சிறுகுடலுக்கு வேகமாகப் போய்ச் சேர்வதால், ‘போதும்’ என்று சொல்லும் ஜி.எல்.பி-1 போன்ற குடல் ஹார்மோன்கள் அதிகமாகச் சுரக்கின்றன. முதல் ஆண்டில் எடை மளமளவென்று இறங்குவதற்கு இதுதான் பெரிய காரணம். அறுவை செய்துகொண்டவர் திடீரென்று மனவுறுதி மிக்கவராக மாறிவிடவில்லை. அவருக்குப் பசியே குறைந்துவிட்டது.

அப்படியானால் ஏமாற்றம் எங்கிருந்து வருகிறது?

ஒரு பங்கு, கணக்கிலிருந்து வருகிறது. 165 செண்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 120 கிலோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். 1.65 × 1.65 = 2.72, 120 ÷ 2.72 = 44. மருத்துவர்கள் வழக்கமாக பி.எம்.ஐ. 25-ஐ அடிப்படையாக வைக்கிறார்கள். இவருக்கு அது 68 கிலோ. ஆக, மிகுதி எடை 52 கிலோ. இந்த மிகுதியில் பாதி போனால் அறுவை வெற்றி என்பது நெடுங்காலமாக இருந்துவரும் அளவுகோல். பாதி என்றால் 26 கிலோ. அதைக் கழித்தால் அவர் 94 கிலோவில் நிற்பார், பி.எம்.ஐ. 34.5. உலகச் சுகாதார நிறுவனம் 30-க்கு மேல் போனால் உடல் பருமன் என்கிறது. மருத்துவரின் கோப்பில் ‘வெற்றி’. சொந்தக்காரர் கண்ணுக்கு அவர் இன்னும் குண்டு! விளம்பரத்தில் வரும் ‘முன்பு, பின்பு’ படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இந்தக் கணக்கை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை என்பது என் வருத்தம்.

இன்னொரு பங்கு, உடலிலிருந்தே வருகிறது. இதைப் புரிந்துகொள்ள உங்கள் பாட்டன் பாட்டியின் காலத்துக்குப் போகலாம். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சியில் தோட்டங்களில் அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றுதான் பலர் உயிர் பிழைத்தார்கள். மனித இனம் இப்படிப்பட்ட பஞ்சங்களை ஆயிரக்கணக்கான தலைமுறைகளாகப் பார்த்திருக்கிறது. அதனால் கொழுப்பு குறையத் தொடங்கினால் நம் உடல் அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. செலவைச் சுருக்கும், பசியைக் கூட்டும். பஞ்சத்தால் மெலிகிறோமா, அறுவையால் மெலிகிறோமா என்று அதற்குத் தெரியாது.

கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது? கொழுப்புச் செல்களே செய்தி அனுப்புகின்றன. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்த ‘லெப்டின்’ என்ற ஹார்மோன்தான் அந்தச் செய்தி. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும். கையிருப்பு தீர்கிறது என்று மூளை பதறும். ஈமானின் கதை இங்கேதான் இன்னும் சிக்கலாகிறது. மரபணுச் சோதனையில், லெப்டினை வாங்கும் ஏற்பியின் மரபணுவில் பிழை இருப்பது தெரிந்தது. தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. உடல் முழுக்கக் கொழுப்பு இருந்தும், பட்டினி கிடப்பதாகவே அவருடைய மூளை நம்பியிருக்கும். அதை எந்தக் கத்தியாலும் திருத்த முடியாது. இந்தக் குறைபாட்டுக்கென ‘செட்மெலனோடைட்’ என்ற மருந்துக்கு அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது 2020 நவம்பரில். ஈமான் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஈமானுக்கு இருந்தது மிக அரிய குறைபாடு. ஆனால், உடல் செலவைச் சுருக்குவது எல்லாருக்கும் நடக்கிறது. ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை, கெவின் ஹால் என்ற ஆய்வாளர் ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார். இவர்கள் அறுவை செய்துகொண்டவர்கள் அல்லர். கடும் உடற்பயிற்சியாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள். அதில் 41 கிலோ திரும்பிவந்துவிட்டது. அதைவிட வியப்பானது வேறு. அவர்களுடைய உடல், அதே எடையும் வயதும் உள்ளவரிடம் எதிர்பார்ப்பதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. ஒரு தட்டு நாசி லெமாக் அளவு! ஆறு ஆண்டுகள் ஆகியும் உடல் சிக்கனத்தை விடவில்லை.

சாதாரண இயற்பியலும் சேர்ந்துகொள்கிறது. லாரிக்கு ஊற்றும் எண்ணெய் கஞ்சில் காருக்குத் தேவையில்லை. 94 கிலோ உடலுக்கு 120 கிலோ உடலைவிடக் குறைந்த ஆற்றல் போதும். எடையோடு தசையும் கரைந்திருந்தால் தேவை இன்னும் குறையும். இதற்கிடையில் சிறிய இரைப்பையும் மெல்ல விரிகிறது. அப்புறம் மைலோ, தே தாரிக், ஐஸ்கிரீம். ஒரு கோழித்துண்டு அடைத்துக்கொள்ளும் குழாயில் இவை வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். வயிறு நிறைந்த உணர்வே வராது. பைபாஸ் செய்தவர் நிறைய இனிப்பு சாப்பிட்டால் சர்க்கரை திடுதிப்பென்று சிறுகுடலில் கொட்டி, படபடப்பும் வியர்வையும் வரலாம். ஸ்லீவ் செய்தவர்களிடம் இந்த எச்சரிக்கை மணி அவ்வளவாக அடிப்பதில்லை.

பணமும் புகழும் இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. கால்பந்து வீரர் மரடோனா 2005-இல் கொலம்பியாவில் பைபாஸ் செய்துகொண்டு அடையாளம் தெரியாத அளவுக்கு மெலிந்தார். ஆண்டுகள் போகப் போக எடை திரும்பியது. 2015-இல் வெனிசுவேலாவில் மறுபடியும் அறுவை செய்துகொண்டார்.

எத்தனை விழுக்காடு திரும்புகிறது என்பதற்கு நல்ல விடை சுவீடனிலிருந்து கிடைக்கிறது. 1987-இல் தொடங்கிய அந்த ஆய்வில், அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ 2,000 பேரையும், செய்துகொள்ளாத அதே அளவு பேரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பைபாஸ் செய்தவர்கள் முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் தங்கள் எடையில் 32 விழுக்காட்டை இழந்தார்கள். பத்தாவது ஆண்டில் அந்த இழப்பு 25 விழுக்காடாகச் சுருங்கியது. அன்று பரவலாக இருந்த, இரைப்பையைச் சுற்றிப் பட்டி கட்டும் முறையில் 20 என்பது 14 ஆனது. எடை திரும்புவது விதிவிலக்கு அல்ல, ஓரளவுக்கு அதுதான் வழக்கம் என்று இந்த எண்கள் காட்டுகின்றன. ஆனால், முழுவதும் திரும்பவில்லை என்பதையும் பாருங்கள்.

அதே ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது எடையே அல்ல. நீரிழிவோடு அறுவைக்குப் போனவர்களில் 72 விழுக்காட்டினருக்கு இரண்டு ஆண்டில் நோய் அடங்கியிருந்தது. பத்து ஆண்டில் அது 36 விழுக்காடாக இறங்கியது. பாதியாகிவிட்டதே என்று தோன்றும். அறுவை செய்யாதவர்களில் பத்தாம் ஆண்டில் நோய் அடங்கியிருந்தது 13 விழுக்காட்டினருக்கு மட்டுமே. இறப்பும் அறுவை செய்தவர்களிடையே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. பந்தியில் ‘மறுபடியும் ஊதிட்டாரு’ என்று பேசப்படும் அந்த மாமா, ஒருவேளை இன்சுலின் ஊசியை விட்டு எட்டு ஆண்டுகள் ஆகியிருக்கலாம். அது யார் கண்ணுக்கும் தெரியாது.

கண்ணுக்குத் தெரியாத கெடுதலும் உண்டு. வைட்டமின் பி12-ஐ உறிஞ்ச இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம் வேண்டும். இரும்புச்சத்து பெரும்பாலும் முன்சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. இரைப்பையை வெட்டி, முன்சிறுகுடலைத் தாண்டிப் போனால் இரண்டுக்கும் தட்டுப்பாடு. எடை நன்றாகக் குறைந்தவர்கூட இரத்தசோகையும் கை கால் மரத்துப்போதலுமாக வந்து நிற்பது இதனால்தான். வாழ்நாள் முழுக்கச் சத்து மாத்திரையும், தவறாத இரத்தப் பரிசோதனையும் வேண்டும். முதல் ஆண்டில் எல்லாரும் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார்கள். எடை திரும்பத் தொடங்கியதும், மருத்துவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று வெட்கப்பட்டு நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பந்திப் பேச்சு செய்யும் கேடு இதுதான். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது ஆளைச் சிகிச்சையிலிருந்து விரட்டிவிடுகிறது.

எடை திரும்பியவர்களுக்கு இப்போது ஜி.எல்.பி-1 வகை ஊசி மருந்துகளைத் தருகிறார்கள். மேலே சொன்ன, ‘போதும்’ என்று சொல்லும் அதே குடல் ஹார்மோனின் நகல்கள் இவை. இந்த வகையில் முதலில் வந்த மருந்து ஒரு பல்லியிலிருந்து கிடைத்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ‘கிலா’ என்ற நச்சுப் பல்லியின் நஞ்சில், 1992-இல் ஜான் எங் என்ற மருத்துவர் ஒரு பொருளைக் கண்டார். அது ஜி.எல்.பி-1-ஐப் போலவே வேலை செய்தது, ஆனால் உடலில் சீக்கிரம் அழியவில்லை. அதிலிருந்து உருவான நீரிழிவு மருந்து 2005-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இதைச் சொன்னதும் வகுப்பில் அடுத்த கேள்வி வந்தது: “அப்ப ஊசியே போதுமே சார், எதுக்கு வெட்டணும்?” சிலருக்குப் போதும். ஆனால், செமகுளுடைடு என்ற மருந்தை எடுத்தவர்கள் அதை நிறுத்தி ஓராண்டு ஆனபோது, குறைந்திருந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது.