கடுதாசி எழுதிய சம்சாரி

கரிசல் நாட்டில் புதூர் என்னும் பெயருக்குப் பஞ்சமில்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே நாலாட்டின்புதூர் உண்டு. விளாத்திகுளத்துக்கு வடக்கே நாம் குடியிருக்கும் புதூர் உண்டு. மழை பொய்த்து ஒரு மண்ணை விட்டுப் பெயர்ந்தவர்கள், அடுத்த மண்ணில் குச்சு கட்டிக்கொண்டு புதூர் என்று அழைத்தார்கள் போலும்.

இம்மண்ணில் ஆண்டு முழுவதும் வேலை இராது. புரட்டாசி, ஐப்பசியில் வானம் கண் திறந்தால் கம்பும் உளுந்தும் மல்லியும் பருத்தியும் விதைப்பார்கள். தைக்குப் பின் அறுவடை, மிளகாய்ப் பழம் பொறுக்கல், பருத்தி எடுப்பு. அந்நாள்களில் பூசைக்கு வரவும் பலருக்கு நேரம் கிடைப்பதில்லை. பிறகு கோடை வரும். நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். வேப்பமர நிழலில் நாள் நகராது. அந்த நீண்ட பகல்களைச் சிலர் ஆடுபுலி ஆட்டத்தில் கழித்தார்கள். இன்று கைப்பேசியில் கழிக்கிறார்கள். ஒரு சம்சாரி கடிதம் எழுதிக் கழித்தார். அவரைப் பற்றியே இம்மாதம் எழுத விழைகிறோம்.

நாலாட்டின்புதூரை அடுத்துள்ள சிற்றூர் இடைசெவல். அங்கே வாழ்ந்த கி. ராஜநாராயணன் அவர்களை அறியாத தமிழ் வாசகர் குறைவு. பள்ளிப் படிப்பு நடுவிலேயே நின்று போயிற்று. இளமையில் காச நோய் வேறு வாட்டியது. உத்தியோகம் கிடையாது, இருந்தது மானாவாரி நிலமும் மாடுகளும்தாம். முப்பது வயதைக் கடந்த பின்னரே கதை எழுதத் தலைப்பட்டார். அதற்கு முன்பு நெடுங்காலம் அவர் எழுதியவை கடிதங்களே.

அதே ஊரில் பிறந்தவர் கு. அழகிரிசாமி. இருவரும் இளமைத் தோழர்கள். அழகிரிசாமி பிழைப்பைத் தேடிச் சென்னைக்குச் சென்றார். 1950களில் மலாயாவுக்குக் கப்பலேறி ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றினார். நட்பு அறவில்லை, அஞ்சலில் தொடர்ந்தது. வந்த கடிதங்களை இடைசெவல் நண்பர் குப்பையில் எறியவில்லை, பத்திரப்படுத்தினார். அவை பின்னாளில் நூலாகவே வெளிவந்தன. அழகிரிசாமி 1970இல் மறைந்தார். அவ்வாண்டே அவருடைய ‘அன்பளிப்பு’ நூலுக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கி.ரா.வுக்கு ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991இல் அதே விருது வந்தது. ஒரு சிற்றூரில் இரண்டு விருதுகள்! ஊரார் இன்றும் பெருமையோடு சொல்வதில் வியப்பென்ன?

கடிதத் தோழமை இவ்விருவரோடு நின்றுவிடவில்லை. குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் 1954இல் மறையும் வரை எண்ணற்ற அன்பர்களுக்குக் கடிதம் எழுதியவர். கம்பனையும் கச்சேரியையும் சமையலையும் ஒரே கடிதத்தில் பேசும் ஆற்றல் அவருக்கு இருந்தது. இடைசெவல் இளைஞர்களும் அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். விளாத்திகுளத்தில் நல்லப்பசாமி என்னும் இசைப் பெரியவர் இருந்தார். விளாத்திகுளம் சுவாமிகள் என்றால் கரிசலில் யாரும் அறிவர். கீர்த்தனைகளில் நாட்டமின்றி, இராக ஆலாபனையிலேயே மணிக்கணக்கில் மூழ்குவாராம். அவரிடமும் சென்று இவர்கள் இசை பயின்றனர். பட்டணத்துச் சங்கங்கள் எட்டாத தொலைவில் இருந்த சம்சாரிக்கு மூன்று காசு அஞ்சலட்டையே சங்கப் பலகையாயிற்று.

கி.ரா.வின் எழுத்தை நாம் படிக்கும்போதெல்லாம் ஒன்று தோன்றுவதுண்டு. உலகத்துக்கு உரைப்பது போல அவர் எழுதுவதில்லை. எதிரே திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் சொல்வது போலவே எழுதுகிறார். கடிதப் பழக்கம் தந்த கொடை இது என்பது நம் துணிபு. 1980களில் ‘ஜூனியர் விகடன்’ இதழில் அவர் எழுதிய தொடரின் பெயரும் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ என்பதே.

அவருடைய பொழுதுபோக்குப் பணி ஒன்று உண்டு. யாரும் கேட்காமல், யாரும் சம்பளம் தராமல், தம் பகுதி மக்கள் பேசும் சொற்களைத் திரட்டத் தொடங்கினார். நண்பர்களும் உதவினர். அத்தொகுப்பு ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ என 1982இல் அச்சேறியது. ஒரு வட்டாரத்தின் பேச்சு வழக்குக்கெனத் தமிழில் எழுந்த முதல் அகராதி அதுவே என்பர். பட்டம் பெறாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1989இல் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அங்கும் நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்தார். அவற்றுள் நம் இல்லங்களில் உரக்கப் படிக்கத் தகாதனவும் உள, அதை மறைப்பானேன்? நூறை நெருங்கிய வயதில், 2021 மே 17 அன்று புதுவையில் மறைந்தார். அவர் உடல் இடைசெவல் மண்ணுக்கே திரும்பியது.

கத்தோலிக்கக் குடும்பத்தாருக்கு இந்த அகராதிக் கதை புதிதன்று. கோவில்பட்டிக்கு அண்மையில் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருத்தலம் இருக்கிறது. ஆகஸ்ட் 15 திருநாளுக்கு வண்டி கட்டிச் சென்ற நினைவு நம் பெரியோர் பலருக்கு இருக்கும். இத்தாலியில் 1680இல் பிறந்து, 1710இல் இந்தியா வந்த வீரமாமுனிவர் தம் தமிழகப் பணியின் முற்பகுதியில் அத்தலத்தில் ஊழியம் புரிந்தவர். பின்னாளில் 1732இல் ‘சதுரகராதி’யை ஆக்கியவரும் அவரே. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள். அதற்கு முன்பு சொற்பொருள் அறியச் செய்யுளில் அமைந்த நிகண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டும். அகர வரிசையில் தேடி எடுக்கும் வழியை இம்முனிவர் திறந்தார்.

பள்ளிப் பாடத்தில் இவ்வளவும் வரும். பாடத்தில் பெரிதும் வராதது மற்றொன்று. செந்தமிழில் தேம்பாவணி பாடிய அதே கை, கடைவீதியிலும் களத்திலும் மக்கள் பேசிய கொடுந்தமிழுக்கும் இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணம் வரைந்தது. 1728இல் எழுதிய அந்நூல் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அச்சிட்டவர்கள் லுத்தரன் சபையார்! சமய வாதத்தில் முனிவரும் அவர்களும் ஒருவரையொருவர் விட்டுவைத்ததில்லை. ஆயினும் பேச்சுத் தமிழ் இருவருக்கும் தேவைப்பட்டது. மக்கள் வாய்ச்சொல்லைத் தாழ்வென்று தள்ளாத இந்தப் போக்கை இடைசெவல் சம்சாரியிடமும் காண்கிறோம். இருவருக்கும் இடையில் 250 ஆண்டுகள் இருக்கலாம். ஊர்களுக்கு இடையில் அதிகத் தொலைவில்லை.

இவற்றையெல்லாம் படித்த சூட்டில், சென்ற கோடையில் ஒரு கிழமை நாமும் முயன்றோம். நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கினோம். திங்கட்கிழமை காலைச் செபம் முடிந்ததும் உட்கார்ந்தால் ஒரு சொல்லும் வரவில்லை. தெரிந்த சொல்லைத் தெரியாததுபோல் பார்ப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும் என்று அப்போதுதான் விளங்கிற்று. செவ்வாயன்று கோவையில் வளரும் தங்கை மகன் விடுமுறைக்கு வந்தான். “மாமா, அத்தை எங்கே?” என்றான். “காட்டுக்குப் போயிருக்கிறாள்” என்றோம். பிள்ளை மிரண்டு போனான். “புலி இருக்குமா மாமா?” நாம் காடு என்பது உழுது விதைக்கும் நிலத்தை என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? நோட்டின் முதற்சொல் அவன் தந்தது.

அதன்பின் ஓடத் தொடங்கிற்று. பருத்தி எடுத்தபின் அடுப்புக்குப் போகும் பருத்திமார், வைக்கோற் படப்பு, முறத்துக்கு நாம் வழங்கும் சுளகு, தானியம் கொட்டிவைக்கும் உயரமான மண் குலுக்கை. புதனன்று பழைய வகுப்புத் தோழர்கள் மூவருக்கு அஞ்சலட்டை எழுதினோம். ஒருவர் தொலைபேசியில் அழைத்து, உடல்நலம் சரியில்லையா என்று பதற்றத்தோடு வினவினார். இருவரிடமிருந்து அட்டையிலேயே மறுமொழி வந்தது. ஒன்றில் மழையைப் பற்றி மட்டும் ஐந்து சொற்கள்! வெள்ளிக்கிழமை எதுவும் எழுதவில்லை. காரணம் சோம்பலேயன்றி வேறில்லை.

ஞாயிறு பூசைக்குப் பின் கோயில் வேம்படியில் முதியோர் கூடியிருந்தபோது நோட்டை விரித்தோம். அங்கே வேறொரு சுரங்கம் திறந்தது. தேவதிரவிய அனுமானம், பாவசங்கீர்த்தனம், பிரியதத்த மந்திரம் என ஒவ்வொன்றாக வந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் நம் வழிபாட்டுத் தமிழ் எளிதாயிற்று, அது நன்மையே. 1995இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தபின் இராயப்பர் பேதுருவாகவும், சின்னப்பர் பவுலாகவும், அருளப்பர் யோவானாகவும் நிலைத்தனர். அதையும் குறை கூறோம். ஆனால் மறைக்கல்வி வகுப்பில் சின்னப்பர் யார் என்று கேட்டபோது, எங்கள் தாத்தா என்றாள் ஒரு சிறுமி. அவள் சொன்னதும் உண்மையே. தாத்தாவுக்கு அப்பெயர் எங்கிருந்து வந்தது என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

நம் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். பழைய செபங்களும் களத்துமேட்டுச் சொற்களும் அவர் நாவில் அருவியாய்ப் பாய்ந்த காலமுண்டு. அவரிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக எண்ணியிருந்தோம். “மல்லி அடிப்பு முடியட்டும், ஆச்சி” என்று நாமே தள்ளிப்போட்டோம். “நான் எங்கே போகப் போறேன் தம்பி, வா” என்பார். அதற்குள் வாதம் கண்டு அவர் பேச்சு நின்றுவிட்டது. காதும் நினைவும் தெளிவாகவே உள்ளன.

அந்த ஞாயிறு மாலை நோட்டோடு அவர் கட்டிலருகே சென்றோம். ஒவ்வொரு சொல்லாகப் படித்தோம். சரியென்றால் விரலை உயர்த்தினார். படப்புக்கு விரல் உயர்ந்தது; சுளகுக்கு உயர்ந்தது; பிரியதத்த மந்திரம் என்றதும் கண்கள் நிறைந்தன. குலுக்கையின் அடியில் தானியம் எடுப்பதற்கு ஒரு துளை இருக்கும். அதை அடைக்கும் பொருளுக்கு ஒரு பெயர் உண்டு. நமக்குத் தெரியாததால் மூடி என்று எழுதியிருந்தோம். ஆச்சி தலையை அசைத்தார். வேறு இரண்டு சொற்களைச் சொல்லிப் பார்த்தோம். அதற்கும் இல்லையென்றார். உதடுகள் எதையோ சொல்ல முயன்று, முடியாமல் ஓய்ந்தன.

மூடி என்பதை அடித்துவிட்டோம். அவ்விடம் நோட்டில் வெறுமையாக இருக்கிறது. நாகலாபுரத்தில் குலுக்கை வனைந்த குயவர் குடும்பம் ஒன்று இருப்பதாகத் தோழர் ஒருவர் அட்டை எழுதியிருக்கிறார். வரும் சனிக்கிழமை போகிறோம்.