புதுச்சேரி: கேளம்பாக்கத்திலிருந்து ஒரு நாள் பயணம்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் சென்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், மாமல்லபுரம், கல்பாக்கம், மரக்காணம் வழியாகப் புதுச்சேரியை அடையலாம். ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். மரக்காணத்து உப்பளங்கள் நம்மூர்க்காரர்களுக்குப் புதிதாகத் தோன்றா.

பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா மார்த்தேன் 1674இல் இங்கு வணிகக் குடியிருப்பை நிறுவினார். 1693இல் டச்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றி, 1699இல் திருப்பித் தந்தனர். நேர்கோட்டுத் தெருக்களுக்கான வரைபடம் அவர்கள் காலத்தில் போடப்பட்டது. ஆங்கிலேயர் 1761இல் நகரைப் பிடித்து, கோட்டையையும் பெரும்பாலான கட்டடங்களையும் இடித்துத் தள்ளினர். ஆகவே இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர் வீடுகளில் பெரும்பாலானவை அதன் பிறகு கட்டப்பட்டவை; அவற்றைவிடத் தெருக்களின் அமைப்புக்கே வயது அதிகம்.

நகரை வடக்கு தெற்காகப் பெரிய வாய்க்கால் பிரிக்கிறது. கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. கடற்கரைச் சாலை, 1836இல் அமைந்த பழைய கலங்கரை விளக்கம், பாரதி பூங்காவின் ஆயி மண்டபம் எல்லாம் கிழக்கே உள்ளன. பலர் இவற்றோடு திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்பினால் பாதி ஊரைத்தான் பார்த்ததாகும்.

வாய்க்காலைத் தாண்டினால் வீடுகளின் முகமே மாறும். பிரெஞ்சு வீடு உயர்ந்த மதிலுக்கும் பெரிய கதவுக்கும் பின்னே ஒதுங்கி நிற்கும். தமிழ் வீடோ திண்ணையும் தாழ்வாரமுமாகத் தெருவைப் பார்த்தே இருக்கும். கீழே திண்ணை, மேலே பிரெஞ்சு பாணி மாடம் என இரண்டும் கலந்த வீடுகளை வைசியாள் வீதியில் காணலாம். மாணவர்கள் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அருகிலேயே ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. ஆளுநர் டூப்ளேயின் துபாஷியாக இருந்த அவர் 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது அதில் பதிவாகியுள்ளது. அக்கோயில் பின்னர் வேறிடத்தில் மீண்டும் எழுந்தது. 1791இல் கட்டி முடிக்கப்பட்ட சம்பா கோயில் எனப்படும் பேராலயமும் இப்பகுதியில்தான் உள்ளது. 1908 முதல் பத்தாண்டுகள் பாரதியார் அடைக்கலமாக வாழ்ந்ததும் இவ்வூரில்தான்; அவர் குடியிருந்த வீடு ஒன்று இன்று நினைவு இல்லமாக இருக்கிறது.

1954 நவம்பர் 1இல் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது; சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது.

காலை வெயில் ஏறுமுன் மேற்குப் பகுதியை நடந்தே பார்த்துவிடுங்கள். கடற்கரைச் சாலையை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். அப்போது அங்கே வாகனங்களை விடுவதில்லை.